மூன்று முறை எட்டிப் பார்க்கும் கண்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அத்தை வீட்டு டிவிடி பிளேயர் சில மாதங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: "நோ டிஸ்க்". தட்டு வெளியே வருவதற்கே தலையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். வரும், வட்டை வாங்கிக்கொள்ளும், உள்ளே ஏதோ முனகும், பிறகு கையை விரித்துவிடும். வட்டு உள்ளே இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மட்டும் தெரியவில்லை.

"தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்கத்தை. எல்லாப் படமும் இப்ப யூடியூப்ல வருது" என்றேன்.

"என் மக கல்யாணம் வருதா?" என்றார்.

2002இல் ஜார்ஜ்டவுன் மண்டபம் ஒன்றில் நடந்த கல்யாணம். வீடியோக்காரர் இரண்டு விசிடியாக எரித்து, மேலே மணமக்கள் படம் ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட்டில், விசிடிக் கடைகளின் ஒலிபெருக்கி ஒன்றையொன்று முந்திக் கத்தும். ஒரு விசிடியில் 74 நிமிடம்தான் அடங்கும். அதனால் மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் மூன்று வட்டாகத்தான் வரும். இடைவேளை எங்கே விழும் என்பதை இயக்குநர் தீர்மானித்ததில்லை, வட்டின் அகலம்தான் தீர்மானித்தது.

அத்தைக்கு நுண்ணிய வேலை புதிதல்ல. 1972இல் பயான் லெப்பாஸில் தாராள வணிக வட்டாரம் தொடங்கியபோது வந்து இறங்கிய முதல் எட்டுக் கம்பெனிகளைப் பினாங்கில் இன்றும் 'எட்டு சாமுராய்' என்பார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே வைத்த முதல் ஆலை அங்கேதான். காருக்கு ஒலிக்கருவி செய்த கிளாரியனும், ஒளி உமிழும் சில்லுகள் செய்த லிட்ரோனிக்ஸும் அந்த எட்டில் உண்டு. விடியுமுன் 'கிலாங் பஸ்' என்னும் ஆலைப் பேருந்து ஏறிப்போன ஆயிரக்கணக்கான பெண்களில் அத்தையும் ஒருவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சில்லுக்கும் அதன் சட்டத்துக்கும் இடையில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பிணைப்பது அவர் வேலை. ஆகவே நான் மைக்ரான் கணக்கை ஆரம்பித்ததும், "அதெல்லாம் எனக்குத் தெரியும்லா. நீ மூடியைக் கழற்று" என்றார்.

கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே மின்சாரம் நுழையும் பலகையில் இருக்கும் பெரிய மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். அந்தப் பலகையைத் தொடாமலே நம் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். மூடியைத் தூக்கினால் ஏமாற்றமாக இருக்கும். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் பாதிக்கு மேல் காற்றுதான். இரண்டு பச்சைப் பலகை, மூன்று சின்ன மோட்டார், ஒரு ரப்பர் பெல்ட். நடுவில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீலம் பூத்த ஒரு லென்ஸ்.

அந்த லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். வட்டு போடாமல், மின்பலகை இருக்கும் பக்கத்தைத் தடித்த பிளாஸ்டிக் அட்டையால் மறைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளேயரைப் போட்டுப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். நேர் மேலே கண்ணை வைக்கக் கூடாது. டிவிடிக்கான லேசர் 650 நானோமீட்டர், சிவப்பு, தெரியும். சிடிக்கான லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாமலே கண்ணுக்குள் போகும். போட்டதும் லென்ஸைத் தாங்கிய வண்டி தண்டவாளத்தில் ஓடி மையத்துக்கு வரும். லேசர் எரியும். லென்ஸ் மெல்ல மேலே எழும், இறங்கும், மறுபடி எழும். பிள்ளை வருகிறதா என்று வாசலில் எட்டிப் பார்க்கும் தாய் போல இரண்டு மூன்று முறை. ஒன்றும் தெரியவில்லை என்றால் விளக்கை அணைத்துவிட்டு "நோ டிஸ்க்" என்று எழுதிவிடும்.

அந்தக் கண் என்ன தேடுகிறது?

விசிடியும் ஒரு சிடிதான். சிடியின் அடியில் வெள்ளியாக மின்னுவது ஒரே ஒரு தடம். உள்வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பு வரை கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நாற்பது சுற்று. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல்: கொம்தார் கோபுரத்தில் ஒரு முனையைக் கட்டினால் ஆயர் ஈத்தாம் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகலாம். கடையில் வாங்கும் வட்டில் இந்தத் தடம் முழுக்க மேடும் சமதளமுமாக அச்சிட்டிருக்கும். மேட்டின் உயரம், பிளாஸ்டிக்குக்குள் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. போகும்போது கால், திரும்பும்போது கால், ஆக அரை அலை வித்தியாசம். மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் பக்கத்துச் சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, அந்த இடம் இருளும். இருளும் வெளிச்சமும் மாறும் இடமெல்லாம் ஒன்று, மாறாத இடமெல்லாம் சுழி. பாட்டு இவ்வளவுதான்.

இதைப் படிக்க ஒளிப்புள்ளி அந்தத் தளத்தில் ஒரு மைக்ரான் அளவுக்குத் துல்லியமாகக் குவிய வேண்டும். சுழலும் வட்டோ அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆடலாம். அனுமதித்த பிழையைவிட ஆட்டம் பல நூறு மடங்கு! முதன்முதலில் இதைப் படித்தபோது, இப்படி ஒரு பொருள் கடையில் விற்பதே தப்பு என்று எனக்குத் தோன்றியது.

தீர்வு, ஆட்டத்தை நிறுத்துவதில் இல்லை. கூடவே ஆடுவதில் இருக்கிறது. திரும்பி வரும் ஒளி, ஒரு உருளை லென்ஸ் வழியாக, நான்கு கட்டமாகப் பிரித்த ஒளியுணர்வி மீது விழுகிறது. குவியம் சரியாக இருந்தால் அங்கே விழும் புள்ளி வட்டம். வட்டு கொஞ்சம் நெருங்கினால் அது முட்டை வடிவமாகி ஒரு பக்கம் சாயும். விலகினால் மறுபக்கம் சாயும். எதிரெதிர்க் கட்டங்களைக் கூட்டி, ஒரு ஜோடியிலிருந்து மறு ஜோடியைக் கழித்தால் எவ்வளவு தப்பு, எந்தத் திசையில் என்று இரண்டுமே கிடைத்துவிடும். அந்த எண்ணை மின்னோட்டமாக்கி லென்ஸைச் சுற்றியுள்ள சுருளுக்கு அனுப்ப, லென்ஸ் எழுந்து இறங்கித் தன்னைச் சரி செய்துகொள்ளும், ஓயாமல். சரியாக ஓடும் பிளேயர் என்றால் நொடிக்கு நொடி தப்பு செய்து, அதை நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளும் பிளேயர் என்று பொருள். இந்தச் சிடி வித்தையை 1982 அக்டோபர் 1ஆம் தேதி ஜப்பானில் சோனி ஒரு பெட்டிக்குள் அடக்கி விற்கத் தொடங்கியது.

இனி நோயைப் பிடிப்பது சுலபம். லென்ஸ் அசையவே இல்லையா? லேசர் வண்டிக்குப் போகும் பட்டை நாடா கழன்றிருக்கலாம், அல்லது சுருள் போயிருக்கலாம். லென்ஸ் எட்டிப் பார்க்கிறது, ஆனால் வட்டு போட்டாலும் சுழலவில்லையா? குவியம் கிடைக்கவில்லை: லென்ஸ் அழுக்கு, அல்லது லேசர் தளர்ந்துவிட்டது. சுழன்று பார்த்துவிட்டு நிற்கிறதா? மையத்தில் இருக்கும் பொருளடக்கத்தை அதனால் வாசிக்க முடியவில்லை. நன்றாக ஓடி, எந்த வட்டு போட்டாலும் ஒரே இடத்தில் தாவுகிறதா? தண்டவாளத்தில் மசகு காய்ந்து கட்டியாகியிருக்கும். டிவிடி ஓடுகிறது, சிடி ஓடவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கவே வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி லேசர், ஒன்று முடிந்துவிட்டது.

அத்தை வீட்டுப் பிளேயருக்கு இரண்டு நோய். தட்டு வராததற்குக் காரணம் பெல்ட். பினாங்கின் சூட்டிலும் ஈரத்திலும் ரப்பர் இளகி நீண்டு, சக்கரத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் சில வாரம் இறுகும். புதிது வேண்டும் என்பதால் லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குப் போனேன். பழைய கைப்பேசி, மணி நின்றுபோன கடிகாரம், ஒற்றைச் செருப்பு எல்லாம் விரிப்பில் கிடக்கும் அந்த இடத்தில், செத்துப்போன ஒரு பிளேயரை ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அதன் பெல்ட் நல்ல நிலையில் இருந்தது. பயான் லெப்பாஸ் சில்லு செய்கிறது, லோரோங் கூலிட் உதிரிபாகம் தருகிறது. இரண்டும் பினாங்கின் மின்னணுத் தொழில்தான் என்பது என் கட்சி.

இரண்டாவது நோய் லென்ஸில். பிளேயர் இருந்த அலமாரிக்கு நேர் மேலே சாமி படம். இருபது வருட ஊதுபத்தியும் சாம்பிராணியும், அடுப்படியிலிருந்து வந்த தாளிப்புப் புகையும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து லென்ஸ் மேல் பால் ஆடை போலப் படிந்திருந்தன. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, உதறி, குழந்தையின் கண்பீளையைத் துடைப்பது போல ஒரு சுற்று. அழுத்தினால் போச்சு; லென்ஸ் நான்கு மெல்லிய கம்பியில் தொங்குகிறது. சிலர் லேசர் வண்டியின் பக்கத்திலுள்ள குட்டித் திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு லேசர் அடியோடு போகும். கிழக் குதிரைக்குச் சாட்டை.

ஈரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. மத்திய அமெரிக்காவின் பெலீசிலிருந்து வந்த ஒரு சிடியில் பூஞ்சை உள்ளே புகுந்து அலுமினியப் படலத்தையே தின்றுவிட்டதை 2001இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் ஊர்க் காற்றும் அந்த ஊர்க் காற்றுக்கு இளைத்ததல்ல. வட்டை உறையில் போட்டு நிறுத்தி வையுங்கள்.

வட்டையும் கழுவினோம். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, தண்ணீர், மெல்லிய துணி. இங்கே எல்லோரும் செய்யும் தவறு வட்டமாகத் தேய்ப்பது. மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். குறுக்கே விழும் கீறலை லேசர் சட்டென்று தாண்டிவிடும். தடத்தின் போக்கிலேயே விழுந்த கீறல், தாண்ட வழியில்லாமல் நீண்டுகொண்டே போகும். இன்னொரு தவறு, மேல்பக்கத்தை அலட்சியமாகக் கையாள்வது. அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கவசம் உண்டு. லேசர் அந்தப் பரப்பில் நுழையும்போது முக்கால் மில்லிமீட்டர் அகலமான வட்டமாக இருந்து, உள்ளே போய்த்தான் புள்ளியாகக் குவிகிறது. கொசுவலைக்குப் பின்னால் நின்று ஃபெர்ரியைப் பார்த்தால் வலை கண்ணில் படாதே, அதுபோல மேலே கிடக்கும் தூசி அதற்குத் தெரியாது. மேல்பக்கத்திலோ படத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பூச்சு, உடனே அலுமினியம். அங்கே விழும் நகக்கீறல் நேராகத் தகவலையே சுரண்டுகிறது.

இத்தனை கீறலோடும் வட்டு பாடுவது எப்படி? செல்லரித்த ஓலைச்சுவடியைப் பதிப்பித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஓட்டை விழுந்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று உ.வே.சா. போன்றவர்கள் ஊகிக்க எதுகையும் சீரும் தளையும் துணை நின்றன. யாப்பு என்பது செய்தியோடு சேர்த்துக் கட்டிய உபரிக் கட்டுப்பாடு. செய்தி சிதைந்தால் கட்டுப்பாட்டிலிருந்து அதை மீட்கலாம். 1960இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் ஐந்தே பக்கக் கட்டுரையில் எண்களுக்கு அப்படியொரு யாப்பு வகுத்தார்கள். சிடியில் 24 பைட்டுக்கு 8 பைட் யாப்பு சேர்கிறது. யுரேனஸிலிருந்து வாயேஜர் அனுப்பிய படங்களும் இதே குடும்பத்துக் கணக்கில்தான் பூமிக்கு வந்து சேர்ந்தன.

அதோடு ஒரு தந்திரம். அடுத்தடுத்த பைட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் கலைத்துத் தூவிவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்தையும் பிரித்துப் பல பஸ்களில் ஏற்றுவது போல. ஒரு பஸ் வழியில் நின்றுவிட்டால் எந்தக் குடும்பமும் முழுதாகக் காணாமல் போகாது. வீட்டுக்கு ஒருவர் குறைவார், அவ்வளவுதான். இதனால் தடத்தில் தொடர்ச்சியாக இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு அழிந்தாலும் ஒரு பைட் குறையாமல் மீட்க முடிகிறது. அதற்கு மேலும் போனால், பாட்டுச் சிடி இரண்டு பக்கத்து எண்களைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். விசிடியில் படம் சதுரம் சதுரமாக உடையும்.

பெல்ட்டை மாட்டி, தண்டவாளத்தில் புது மசகு தடவி, மூடியைப் போடாமலே முதல் வட்டைக் கொடுத்தோம். தட்டு தட்டாமல் வந்தது. உள்ளே போனது. ஒரு நொடி கழித்து மோட்டார் சீறியது. மேளச் சத்தம் வந்துவிட்டது. அத்தை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது வட்டு வரவேற்பு. வட்டு உள்ளிருந்து வெளியே ஓடுவதால் கடைசிக் காட்சிகள் விளிம்பில்தான் இருக்கும். விரல் படுவதும் உறையில் உரசுவதும் விளிம்பில்தான். ஐம்பதாவது நிமிடம், மேடையில் உறவுக்காரர்கள் வரிசையாக அங்பாவ், அதாவது மொய் உறை, கொடுத்துக்கொண்டிருக்கும்போது, படம் சதுரங்களாகச் சிதறி நின்றது. நான் ரிமோட்டை எடுத்தேன். அத்தை கையைக் காட்டித் தடுத்தார்.

"இரு. அடுத்து உங்கப்பா வருவாரு. காப்பிக் கலர் பாத்தேக் சட்டை. அங்பாவை மறந்துட்டுப் படி இறங்கிப் போயி, திரும்ப ஓடி வருவாரு பாரு."

திரையில் சதுரங்கள் மெல்ல நகர்ந்தன. இடது மூலையில் இரண்டு கட்டம் மட்டும் காப்பி நிறத்துக்கு மாறி, அப்படியே நின்றன.