தேநீர் ருசிக்கலாம், வாருங்கள்!

காபி இல்லாவிட்டால் பொழுதே விடியாத குடும்பத்தில் பிறந்தவள் நான். தேநீர் என்றால், பிரயாணத்தில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் குடிப்பது, இல்லையென்றால் தலைவலிக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்பது, அவ்வளவுதான் தெரியும். என் மகள் ஊருக்கு வந்தபோது விதவிதமான தேயிலைப் பொட்டலங்கள் கொண்டு வந்தாள். 'அம்மா, பால் விடாமல், சர்க்கரை போடாமல் குடிச்சுப் பாரேன்' என்றாள். கஷாயம் குடிக்கும் முகத்தோடுதான் முதல் வாய் குடித்தேன். அடுத்த வாரமே எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தேவைப்பட்டது!

ஆமாம், நோட்டுப் புத்தகம்தான். எந்தத் தேயிலை, எவ்வளவு நேரம் ஊறியது, என்ன வாசனை வந்தது என்று குறித்து வைப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவாரஸ்யமே இருக்கிறது. வேலையாகவே தேநீர் ருசிப்பவர்களுக்கு ஒரு சர்வதேச அளவு உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். நமக்கு அது ரொம்பக் கடுப்பு. ஒரு கோப்பைக்கு ஒரு சிறு ஸ்பூன், மூன்று நிமிடம் போதும். கிரீன் டீக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றவே கூடாது. இறக்கி வைத்து ஐந்தாறு நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால்தான் கசக்காது.

குடிக்கும் விதமும் வேறே. 'உர்ர்...' என்று சத்தமாக உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை மூக்கின் உட்புறத்தை எட்டும். 'நாலு பேர் முன்னால இப்படிக் குடிக்காதே' என்று சின்ன வயதில் திட்டு வாங்கியதை நினைத்துக்கொண்டே உறிஞ்சினேன்.

எந்தத் தேயிலை வாங்குவது? நாம் பாலில் போடும் குருணைத் தூளுக்கு சி.டி.சி. என்று பெயர். அது திடத்துக்கு ஏற்றது. மென்மையான மணங்களை அமுக்கிவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் 'ஆர்த்தோடாக்ஸ்' என்று கேட்டால் சுருண்ட இலையாகக் கிடைக்கும். அதில்தான் மணம் எடுபடும். 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தின் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பெயரில் 'ஏர்ல் கிரே' என்று ஒன்று இருக்கிறதே, அதன் வாசனை பெர்கமாட் என்ற எலுமிச்சை ஜாதிப் பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெய். இத்தாலியின் கலாப்ரியாவில்தான் அந்தப் பழம் அதிகம் விளைகிறது. ஜப்பானியர் வறுத்த அரிசியைக் கலந்து 'கென்மைச்சா' குடிக்கிறார்கள். முகர்ந்தால் நம் பொரி உருண்டை ஞாபகம் வருகிறது. ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம் என்று தூக்கலாக மணப்பவை எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசனை ரப்பரைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கம் பழம் என்று போட்டிருக்கிறதா, எசன்ஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என் மனசைப் பறித்தது மல்லிகைத் தேநீர்தான். சீனாவின் ஃபூஜோ நகரத்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களது மல்லிகை, தேயிலைச் சாகுபடி முறையை 2014-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாக ஏற்றது. அந்த மல்லிகை எது தெரியுமோ? நாம் தலையில் வைத்துக்கொள்ளும் அதே குண்டுமல்லி ஜாதி! பகலில் மொட்டாகப் பறித்து, இரவில் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். மொட்டு விரிய விரிய மணத்தைத் தேயிலை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை உலர்த்தி, மறுபடி புதுப் பூ. உயர்ந்த ரகங்களுக்கு ஆறேழு முறைகூட இப்படிச் செய்வதுண்டு.

வீட்டிலேயே செய்து பார்த்தேன். 50 கிராம் கிரீன் டீ, இரண்டு கைப்பிடி மொட்டு. ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் ஒரு வரிசை இலை, ஒரு வரிசை மொட்டு என்று அடுக்கி இரவு மூடி வைத்தேன். விடிந்ததும் பூவை ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டு, இலையை வாணலியில் மிக மெல்லிய சூட்டில் மொறுமொறுவென்று உலர்த்தினேன். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும், ஜாக்கிரதை. மூன்று இரவுகள் செய்ததும் மணம் நின்றது. கடைப் பூவில் மாத்திரம் செய்யாதீர்கள். மல்லிகைக்கு மருந்து அடிப்பது சகஜம். தொட்டிச் செடியானாலும் மருந்து அடிக்காத நம் வீட்டுப் பூவாக இருக்க வேண்டும்.

'ஏம்மா, பூவை ஊற வச்ச தண்ணியா?' என்று கேட்ட என் மாமியார், கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

மணத்தை இழுக்கும் இந்தக் குணமே ஒருநாள் என் காலை வாரியது. பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்த ஏர்ல் கிரே, ரசமாகிவிட்டது! இறுக்கமான மூடி, தனி அலமாரி... அவசியம்.

இதை விடப் பெரிய பாடம் வேறு. ருசி பிடித்துப்போய் நாளைக்கு ஆறு, ஏழு கோப்பை என்று ஆயிற்று. டிபன் சாப்பிட்ட கையோடு ஒன்று, சாப்பாடு முடிந்ததும் ஒன்று. சில மாதங்களில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. 'மாத்திரையை எதோட சாப்பிடறீங்க?' என்று டாக்டரம்மா கேட்டார். அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்த இரும்புச் சத்து மாத்திரையை நான் தேநீரோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன்!

தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு, தானியங்களிலிருந்து கிடைக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறதாம். பால் விட்டாலும், கிரீன் டீயானாலும், ஏன், புதினா டீயானாலும் அப்படித்தான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அவர்கள் எல்லோருமே சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை நிறுத்த வேண்டாமா?

டீயையே விட்டுவிடச் சொல்வாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். நல்ல வேளை, சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர் கூடாது, மாத்திரைக்கும் அதே கணக்கு. சாப்பாட்டில் எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரம் கலந்த மூலிகைத் தேநீரைத் தொடக்கூடாது, அது அழுத்தத்தை ஏற்றும் என்றும் எச்சரித்தார். மாமியாருக்காகக் கேட்டு வைத்தேன்.

நாலு மாதத்தில் 11.6-க்கு வந்திருக்கிறேன். இன்னும் மாத்திரையை நிறுத்தவில்லை. இப்போது ஒரு நாளைக்கு இரண்டே கோப்பை: காலை பதினொன்றுக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று. ஆறு கோப்பை குடித்தபோது நோட்டில் 'நன்று', 'சுமார்' என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் போகிறது. நாலேகால் ஆனதும், 'தண்ணி வச்சாச்சா?' என்று கூடத்திலிருந்து குரல் வருகிறது. இன்றைக்குச் செடியில் மொட்டு குறைவு. அதனால் மல்லிகை கிடையாது, ஏலக்காய்தான் என்று சொல்லியிருக்கிறேன்.