நண்டின் அடிவானத்துக்குக் கீழே

தண்ணீர் இறங்கிய ஈர மணலில் மிளகளவு உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். நின்றபடி பார்த்தால் யாரோ அள்ளி இறைத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். குந்தி உட்கார்ந்து பார்த்தால்தான் ஒழுங்கு பிடிபடும். நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு வளை. அந்த வளையிலிருந்து வெளியே போகும் ஒற்றையடிப் பாதை. அதன் ஓரமாக வரிசை வரிசையாக உருண்டைகள். இத்தனையையும் செய்தது ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காத ஒரு நண்டு. டோட்டில்லா, ஸ்கோபிமெரா என்ற இரண்டு பேரினங்களில் இந்த உருட்டும் நண்டுகள் உண்டு. மணலிலேயே அது மணல் நிறத்தில் நிற்பதால், அசையும்வரை கண்ணுக்குத் தெரியாது.

எனக்குத் தொழில் கல்யாணப் போட்டோ எடுப்பது. ஊர் உத்திரமேரூர் பக்கம் மானாம்பதி. கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு நண்டுப் படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கம் பெருநகரில் ஓடும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலுக்குப் போகிறது. தைப்பூசத்துக்குச் சாமிகள் வந்து இறங்கும் அதே ஆற்றின் கடைசி மணலில்தான் நான் படுத்துக் கிடக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் கேமராவை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் கரைக்குப் போய்விடுவேன்.

உருட்டும் நண்டு சாப்பிடுவதை ஒருமுறை நெருக்கமாகப் பார்த்தவர்கள் அதை விடமாட்டார்கள். மணல் துகள்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத பாசியும் நுண்ணுயிரும் படலமாக ஒட்டியிருக்கின்றன. அதுதான் அதன் சாப்பாடு. இரண்டு கொடுக்குகளாலும் மேல்மணலை வழித்து வாய்க்குக் கொடுக்கிறது. வாயுறுப்புகளில் இருக்கும் நுண்மயிர்கள் சத்தைப் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. சலித்த மணல் வாய்க்கு மேல்பக்கம் உருண்டையாகத் திரள்கிறது. உருண்டை பெருத்ததும் கொடுக்கால் கிள்ளிப் பின்னால் போட்டுவிடுகிறது. அடுத்த வாய் மணல். ஒருமுறை சலித்த மணலை மறுபடியும் வழித்து நேரத்தை வீணாக்குவதில்லை. உருண்டை கிடக்கும் இடம் தின்றாகிவிட்ட இடம் என்று அதற்கு அடையாளம் ஆகிவிடுகிறது.

இந்த நண்டுக்குத் தொடையில் மெல்லிய தோல் படர்ந்த வட்டங்கள் இருக்கின்றன. காது மாதிரி ஒலியை வாங்குவதற்கு என்றுதான் பழைய ஆய்வாளர்கள் நினைத்தார்கள். அவை காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுக்கும் இடங்கள் என்று 1986இல் நிரூபித்தார்கள். காலால் மூச்சு விடும் நண்டு! மேக்ரோ லென்சில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த வட்டம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்று நான் பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது.

கடல் இறங்கும் நேரம் தெரியாமல் போனால் எதுவும் கிடைக்காது. நம் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் கூடுதல். சென்னைக் கரையில் அப்போதும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் தட்டையான முகத்துவார மணலில் அந்த ஒரு மீட்டர் பெரிய மைதானத்தையே திறந்துவிடும். விடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தண்ணீர் முழுக்க இறங்குகிற நாளாகப் பார்த்துப் போவேன். வெயில் அப்போது சாய்ந்து விழும். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு நிழல் இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் அத்தனை வேலைப்பாடும் தட்டையாகிவிடும்.

மேட்டு மணலில் இருப்பது வேறு ஆள். பேய் நண்டு என்று பத்திரிகைகள் எழுதுவது அதைத்தான். அறிவியல் பெயர் ஆசிபோட். கண் மேல் கொம்பு முளைத்த வகை, செக்கச்செவேல் என்ற வகை என்று வங்கக் கடற்கரையில் சில இனங்கள் இருக்கின்றன. இரண்டு கொடுக்குகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆண் பெண் இரண்டுக்கும் அப்படித்தான். செவுள் காய்ந்தால் உயிர் போய்விடும். ஆனால் அலைக்குள் போய் நனைந்துவர வேண்டும் என்ற கட்டாயமில்லை. கால்கள் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் மயிர்க்கற்றை ஈர மணலிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சில இனங்கள் உள்ளங்கையில் இருக்கும் வரிமேட்டைக் கையில் உரசி ஒலி எழுப்பும். அமெரிக்கக் கரையில் உள்ள ஓர் இனம் வயிற்றுக்குள் இரையை அரைக்கும் பற்களாலும் உறுமுகிறது என்று 2019இல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதைத் துரத்திப் படம் எடுக்க முடியாது. ஓட்டத்தில் நாம் அதற்கு ஈடில்லை. துரத்தி எடுத்த படத்தில் முதுகும் புழுதியும்தான் இருக்கும். சதுரங்கப்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். "நீ நடக்கறது தரையில அதுக்குத் தெரிஞ்சிடும் தம்பி. ஒரு எடத்துல ஒக்காந்துடு. அதுவா வரும்."

"எவ்ளோ நேரம் ஒக்காரணும் பெரியவரே?"

"அது வர்ற வரைக்கும்."

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு ஒரு துணைக்காரணம் நண்டின் கண்ணில் இருக்கிறது. காம்பின் நுனியில் நிற்கும் அந்தக் கண் சுற்றிலும் பார்க்கும். தட்டையான கரையில் வாழும் நண்டுக்கு அடிவானம் என்பது தன் கண்மட்டத்தில் ஓடும் ஒரு கோடு. ஒற்றைக் கொடுக்கு பெருத்த சதுப்பு நண்டுகளை வைத்து 1990களில் செய்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. அந்தக் கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு அசைவது எதுவோ அது எதிரி. கோட்டுக்குக் கீழே அசைவது தன்னைப் போன்ற இன்னொரு நண்டு. நின்றுகொண்டிருக்கும் மனிதன் அந்தக் கணக்கில் பெரிய பருந்து. படுத்தவன் எதிரி என்ற இடத்திலிருந்து பெருமளவு இறங்கிவிடுகிறான்.

அதனால் நான் படுத்துவிடுவேன். வளையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, வெயில் முதுகுப் பக்கம், ஆனால் என் நிழல் வளை மேல் விழாதபடி. கேமராவின் கீழே ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம். அதன் மேல் கேமராவை வைத்து மணலில் அப்படியே வழுக்கி நகர்த்தலாம். லென்ஸ் நண்டின் கண்மட்டத்துக்கு வந்துவிடும். பேய் நண்டுக்கு 300 மில்லிமீட்டர் லென்ஸ், உருட்டும் நண்டுக்கு 100 மில்லிமீட்டர் மேக்ரோ. ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஃபோகஸ் கண்ணில். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கரையில் நின்று லென்ஸ் மாற்றுவதும் கூடாது. கேமரா இல்லாதவர்கள் செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். வளைக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, விலகிப் போய்விடுவது அதைவிட நல்லது.

முதலில் ஒரு கண் மட்டும் வளைவாயில் எழும். அப்புறம் இரண்டாவது. பிறகு பாதி உடம்பு வெளியே வந்து நிற்கும். இந்த இடத்தில் ஷட்டரை அழுத்தாமல் பொறுத்திருக்க வேண்டும். நண்டு உள்ளே போய் ஒரு கை மணலை அணைத்துத் தூக்கிவந்து எறியத் தொடங்கிவிட்டால், அது நம்மை மறந்து தன் வேலைக்குப் போய்விட்டது என்று பொருள். பாதங்களால் மணலை மார்போடு அணைத்தபடி வெளியே வரும் அந்த நொடிதான் எனக்கு வேண்டியது. உருவப்படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உழைக்கும் நண்டின் படம், அது நம்மை அனுமதித்தால்தான் கிடைக்கும்.

அலை வந்து திரும்பும் சறுக்கலில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எமெரிட்டா என்ற முட்டை வடிவப் பூச்சி நண்டு. மணலுக்குள் பின்பக்கமாகப் புதைந்துகொண்டு, திரும்பும் தண்ணீரில் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து இரை வடிக்கும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் டி.சுப்பிரமணியம் இதைப் பற்றி 1981இல் முக்கியமான ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறியதாக இருக்கும்போது ஆணாகவும் வளர்ந்தபின் பெண்ணாகவும் மாறுவதை அதில் விளக்கினார். உலகமெங்கும் எடுத்துப் பேசப்படும் ஆய்வு அது. நம் கரை மணலில் எடுத்த நண்டு என்பதில் எனக்குப் பெருமை.

எங்கள் ஊர் வயல் நண்டையும் நான் விடுவதில்லை. வரப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்துவிடும் என்று திட்டுவார்கள், சளி பிடித்தால் ரசத்துக்குத் தேடுவார்கள். அதன் பெண் நண்டு வயிற்று மடிப்புக்குள் முட்டைகளைச் சுமக்கும். அவை அங்கேயே பொரிந்து குஞ்சு நண்டுகளாகத் தாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடற்கரை நண்டு அப்படி இல்லை. முட்டைகளோடு அலை ஓரம் போய்த் தண்ணீரில் விட்டுவிடும். பொரிந்த குஞ்சுகள் நண்டின் சாயலே இல்லாத உருவத்தில் வாரக்கணக்கில் கடலில் மிதக்கும். கடைசியில் எந்த ஊர் மணலில் ஏறும் என்று சொல்ல முடியாது. வாயலூரில் நான் பார்க்கும் நண்டு வேறெங்கோ விடப்பட்ட முட்டையாக இருக்கலாம். ஒரு கரையைக் கெடுத்தால் அந்தக் கரையோடு அது முடியாது.

நண்டை வெளியே வரவைக்க வளையில் குச்சி விடுவது, தண்ணீர் ஊற்றுவது, காலில் நூல் கட்டிவைத்துப் படம் எடுப்பது எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வளை அதற்கு வெயிலிலிருந்தும் பறவையிலிருந்தும் ஒரே காப்பு. அதைவிடப் பெரிய அடி வண்டிகளால் வருகிறது. கரையில் ஜீப்பும் பைக்கும் ஓட்டினால் மேல்மட்ட வளைகள் இடிந்துபோகும். இரவில் நண்டு வெளியே உலவும்போது சக்கரத்துக்குத் தப்ப முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுவதும் இதே மணலில்தான். ஆமைக்குஞ்சைப் பேய் நண்டு பிடிக்கிறதே என்று கேட்பார்கள். பிடிக்கும். காலங்காலமாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆமையும் இருக்கிறது. சக்கரமும் கண்ணைப் பறிக்கும் விளக்கும்தான் இரண்டுக்கும் புதியவை.

கரையின் உடல்நலத்தைப் பேய் நண்டு வளைகளை எண்ணியே கணிக்கலாம் என்று 2001இல் சிட்னி கரைகளில் செய்த ஆய்வு ஒன்று சொன்னது. மனித நடமாட்டமும் கட்டுமானமும் மிகுந்த கரையில் வளைகள் குறைந்திருந்தன. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். கயிற்றால் ஒரு சதுரம் போட்டு, அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். அடுத்த வருடம் அதே மாதம், அதே இடம், அதே அளவுச் சதுரம். நான் வாயலூர்ப் பக்கம் இதைத் தொடங்கியிருக்கிறேன். கோவளத்திலும் மரக்காணத்திலும் கடலோரப் பள்ளிப் பிள்ளைகள் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.