தனியே கரையேறும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது என்ன?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்துப் பிள்ளைகள் பெற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். பிடிக்க ஒரு கையும் இல்லாமல் நாடு தாண்டி வரும் பிள்ளைகளும் உலகில் உண்டு.

யார் இவர்கள்?

பெற்றோரோ உறவினரோ பொறுப்பான பெரியவரோ கூட இல்லாமல் வருபவர்கள் ஒரு வகை. பெற்றோரைப் பிரிந்து அம்மம்மாவோடோ சித்தியோடோ வருபவர்கள் இன்னொரு வகை. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து பாக் நீரிணையைத் தாண்டி ராமேஸ்வரம் வந்த படகுகளிலும், 2022-ல் அங்கு ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் அரிச்சல்முனையில் இறங்கியவர்களிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால் 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு அகதிக் குழந்தையின் பாதுகாப்பைப் பேசுகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்கிறது, குடியுரிமை கேட்பதில்லை. ஆதரவற்று நிற்கும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்.

மனதை எது உடைக்கிறது?

குண்டைவிடப் பிரிவுதான். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்ட் கண்டது இது. 1945-ல் நாஜி முகாமிலிருந்து மீட்கப்பட்டு இங்கிலாந்துக்கு வந்த ஆறு குழந்தைகளையும் அவர் ஆராய்ந்தார். எல்லோருக்கும் மூன்று வயது அளவுதான். பெற்றோர் உயிரோடு இல்லை. முதல் வாரங்களில் பொம்மைகளை உடைத்தார்கள், பெரியவர்களைக் கடித்தார்கள். ஆனால் சாப்பாட்டு வேளையில் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிட்டார்கள். ஒருவரை விட்டு ஒருவர் நகரவும் மறுத்தார்கள். அந்தப் பிணைப்புதான் அவர்களைக் காப்பாற்றியது.

எது தேற்றும்?

அண்ணன் தங்கையைப் பிரித்து வெவ்வேறு விடுதிகளில் சேர்க்கக் கூடாது. ஆள் மாறாமல் ஒரே பெரியவர் கூட இருக்க வேண்டும். நேரத்துக்குச் சோறு, தூக்கம், பள்ளிக்கூடம், விளையாட்டு: பயந்த மனதுக்கு இந்த ஒழுங்கே பாதி மருந்து. இந்தியாவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1960 மே மாதம் ஜம்முவின் சாலைப் பணி முகாம்களிலிருந்து 51 திபெத்தியக் குழந்தைகள் நோயும் பசியுமாகத் தர்மசாலாவுக்கு வந்தார்கள். அவர்களோடு தொடங்கிய திபெத்தியக் குழந்தைகள் கிராமம், வளர்ப்புத் தாயோடு பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து வாழும் வீடுகளாக வளர்ந்தது.

போரின் காயம் தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் தாக்குகிறது என்று எழுதியவர் யாழ்ப்பாண மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். அப்படியானால் ஆற்றுவதற்கும் மாத்திரை மட்டும் போதாது. சொந்தப் பேச்சு, கோயில், திருவிழா, உறவு எல்லாம் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

“என்ன ஆச்சு?” என்று பார்ப்பவர் எல்லாம் கிளறக் கூடாது. விசாரணையைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் விட்டுவிடலாம். “அம்மா நாளைக்கு வந்துடுவாங்க” என்று பொய்யும் சொல்லக் கூடாது. பிரிந்த உறவைத் தேடித் தரச் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. படுக்கை நனைவது, பேச்சு நின்றுபோவது, சாப்பாட்டை ஒளித்துவைப்பது ஆகியவற்றுக்கு அடி மருந்தல்ல. ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. தனியே நிற்கும் பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்.