வயிற்றுவலி எல்லாம் ‘கேஸ்டிரிக்’ அன்று

நம் தோட்டங்களில் வயிறு எரிந்தாலும் ‘கேஸ்டிரிக்’, வலித்தாலும் ‘கேஸ்டிரிக்’. ஓமத் தண்ணீரை அருந்திவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறோம். பெரும்பாலும் அது சரியாகியும் விடுகிறது. எனினும் கைவைத்தியத்தோடு நின்றுவிடக் கூடாத அடையாளங்கள் உண்டு.

அவற்றுள் நாம் கவனியாது விடுவது மலத்தின் நிறம். தார்போல் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போனால், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிவதாக ஐயுற வேண்டும். அவ்விரத்தம் செரித்து வெளிவருவதால்தான் சிவப்பாயிராமல் கறுத்துவிடுகிறது. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஐயமிருப்பின் தாதியரைக் கேட்கலாம்.) அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தலைச்சுற்றலோ, காப்பித் தூள் போன்ற வாந்தியோ சேர்ந்திருந்தால், விடியட்டும் என்றிராமல் 999ஐ அழைக்க வேண்டும்.

புண் வருவது காரத்தினாலும் பட்டினியாலும் என்றே நாம் சொல்லி வருகிறோம். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் மருத்துவர் இருவர் வளர்த்துக் காட்டிய ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே முதன்மைக் காரணமெனப் பின்னர் உறுதியாயிற்று. மலேசியாவில் மலாய்க்காரரைவிட இந்தியரிடையே இக்கிருமி மிகுதி. மருத்துவர் தரும் மாத்திரைகளை இடையில் நிறுத்தாமல் உண்டால் பெரும்பாலும் அது ஒழியும்.

மற்றொரு காரணம் வலிமாத்திரை. செம்பனைக் குலை வெட்டிய தோள்வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை நாள்தோறும் விழுங்குவோர் பலர். இவையும் இரைப்பையைப் புண்ணாக்கும். மருத்துவரிடம் போகும்போது அம்மாத்திரைகளின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள்.