பந்தய வெற்றியும் மலைத்தோட்டப் பாதையும்

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறங்களில் இன்று மோட்டார் சைக்கிள் புதுமைப் பொருளன்று. எட்டியாந்தோட்டை இறப்பர் மலைகளிலும் பலாங்கொடைத் தேயிலை மலைகளிலும் லயத்து வாசலில் அது நிற்கக் காணலாம். கொழும்பில் தொழில் புரிந்து தீபாவளிக்கு ஊர் திரும்பும் இளைஞருள் சிலர், தாழ்ந்த கைபிடியும் உயர்ந்த பின்னிருக்கையும் உடைய பந்தயச் சாயல் வண்டியையே நாடுகின்றனர். "இந்தக் கம்பெனி உலகப் பந்தயத்தில் வென்றது, குதிரைவலுவும் அதிகம்" என்பது அவர்தம் நியாயம். லீசிங் தவணையோ கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத்தையும் சேர்த்துத் தொடுவது. ஆதலின் அந்நியாயத்தை நிறுத்துப் பார்த்தல் தகும்.

பந்தயம் வெறும் ஆரவாரம் என்று தள்ளிவிட முடியாது. 1959 இல் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முறை இறங்கிய ஹொண்டா, 1961 இல் அங்கே 125, 250 கன சென்ரிமீற்றர்ப் பிரிவுகள் இரண்டிலும் வென்றது. ஜப்பானிய இயந்திரத்தின் உறுதியை உலகம் அறிந்துகொள்ள அவ்வெற்றி பெரிதும் உதவிற்று.

ஆயினும் வென்றது வண்டியா, வீரனா? இத்தாலிய வீரர் வலன்ரீனோ றொசி 2003 இல் ஹொண்டாவில் உலக வாகை சூடினார். மறு ஆண்டு யமஹாவுக்கு மாறினார். அவ்வாண்டும் வாகை அவருக்கே! 1992 இற்குப் பின் அதுவரை உயர் பிரிவில் யமஹா வண்டியில் எவரும் அப்பட்டம் பெற்றிருக்கவில்லை. மேலும், றொசி ஓட்டியது 990 கன சென்ரிமீற்றர் வண்டி. 200 இற்கு மேற்பட்ட குதிரைவலு உடையது. கடையில் விலைக்கு நிற்கும் யமஹா ஆர் 15 என்பதோ 155 கன சென்ரிமீற்றர். ஏறத்தாழ 19 குதிரைவலு. இரண்டுக்கும் பெயரும் நிறமும் உறவு, இயந்திரம் உறவன்று.

இனி, அந்த 19 குதிரைவலுவாவது தோட்டப் பாதையில் பயன்படுமா? ஒரு குதிரைவலு என்பது 746 உவாற்று. வண்டி 140 கிலோ, ஏறியிருக்கும் இருவரும் 140 கிலோ என்று கொள்வோம். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அப்பாரத்தை ஏற்ற வேண்டுவது 3 குதிரைவலுவே. உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தாலும் 4 ஐ ஒட்டியே நிற்கும். மிகச் செங்குத்தான, ஐந்தடிக்கு ஓரடி உயரும் மேட்டுக்கும் 7 போதும். எஞ்சியது பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். உச்ச வலு தோன்றுவதும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுழற்சியில்தான். கொண்டையூசி வளைவில் அவ்வாறு முறுக்குவார் யார்? அங்கே வேண்டுவது தாழ்ந்த சுழற்சியிலேயே இழுக்கும் முறுக்குவிசை. சாதாரண வண்டிகள் பல இதில் பின்தங்குவதில்லை.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. இரத்தினபுரி நாட்டின் மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் பாசி படிந்த கருங்கற் பாதையில் குதிரைவலு எவரையும் காப்பாற்றாது. நல்ல டயரும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்குமே காக்கும். கைபிடி தாழ்ந்திருந்தால் இறக்கத்தில் உடற்பாரம் முழுவதும் மணிக்கட்டில் விழும். பின்னிருக்கையில் அமரும் தாய்க்கோ பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இராது. அடிப்பாகம் தாழ்ந்த வண்டி கல்லில் மோதி மேலுறை உடைந்தால், அதன் உதிரிப்பாகம் அருகிலுள்ள கராஜில் கிடைக்குமா என்பதையும் முன்பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டும்.