அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிள்ளானிலிருந்து அக்கா அழைத்தார்.

"தம்பி, கம்பியூட்டர்ல சைரன் மாதிரி சத்தம் வருது. வைரஸ் வந்திருச்சாம், பேங்க் விவரமெல்லாம் போகுதாம். மூடவும் முடியல. ஒரு நம்பர் போட்டு உடனே கூப்பிடச் சொல்லுது. கூப்பிடவா?"

"கூப்பிடாதீங்க அக்கா. எதையும் தொடாதீங்க."

அக்கா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விவரமானவர். ஆனால் அந்த மடிக்கணினியில்தான் அவர் வங்கிக் கணக்கையும் சேமநிதிக் கணக்கையும் திறந்து பார்க்கிறார். திரை முழுக்கச் சிவப்பு, காதைப் பிளக்கும் சத்தம், நடுவில் ஒரு தொலைபேசி எண். யாருக்குத்தான் கை நடுங்காது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. எண் இருந்தால் அது ஏமாற்று. வேறு ஆராய்ச்சி தேவையில்லை. அந்தப் பக்கம் வைரஸ்கூட அல்ல, திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு விளம்பரம். 'எஸ்கேப்' விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரை சுருங்கும். பிறகு 'ஆல்ட்', 'எஃப் 4' இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உலாவி மூடிக்கொள்ளும். மசியவில்லை என்றால் 'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் ஒன்றாக அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். மீட்டால் அதே சைரன்தான்.

தொலைபேசியிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துச் சத்தத்தை நிறுத்தினோம். ஆனால் அந்தப் பக்கம் தானாக வந்திருக்காது, அழைத்து வந்த ஏதோ ஒன்று உள்ளே இருக்க வேண்டும். மாலையில் நேரில் போனேன்.

அக்காவிடம் கேட்டபோதுதான் மற்ற அறிகுறிகள் வெளிவந்தன. இரண்டு வாரமாகக் கூகலில் தேடினால் வேறு ஏதோ தேடுபக்கம் வருகிறது. நாளிதழ்ச் செய்தி படிக்கும்போது முன்பு இல்லாத இடங்களிலெல்லாம் விளம்பரம். திரையின் வலது மூலையில் 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது' என்று அடிக்கடி ஓர் அறிவிப்பு. கணினி பழசாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று அக்கா நினைத்திருந்தார். பக்கத்துக் கணினிக் கடையில் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் பண்ணித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேத்தி பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. நல்ல வேளை, அக்கா கொடுக்கவில்லை.

இவைதான் 'ஆட்வேர்' எனப்படும் விளம்பர நிரலின் அடையாளங்கள். அது கோப்புகளை அழிப்பதில்லை. ஒவ்வொரு விளம்பரத்துக்கும், ஒவ்வொரு சொடுக்குக்கும் யாருக்கோ காசு போகிறது. அந்தக் காசுக்காகக் கணினியில் குடியேறியிருக்கும் வாடகை கொடுக்காத ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' போய், பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினேன். இந்தத் தேதி வரிசை ஒரு நல்ல துப்பறிவாளன். இரண்டு வாரத்துக்கு முந்திய ஒரே நாளில் மூன்று நிரல்கள் வந்திருந்தன. ஒன்று பிடிஎஃப் மாற்றி. மற்ற இரண்டும் அக்கா கேள்வியே படாத பெயர்கள்.

"பேத்திக்குப் பயிற்சித்தாள் ஒன்னு பிடிஎஃப்ல வந்துச்சு. அதை வேர்ட்ல மாத்தணும்னு தேடி இறக்குனேன். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு தட்டுனேன், அவ்வளவுதான்."

அந்த 'நெக்ஸ்ட்'களில் ஒன்றில்தான் சம்மதம் கேட்டிருப்பார்கள், சிறிய எழுத்தில், முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தோடு. இலவச நிரலை நிறுவும்போது 'கஸ்டம்' என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால், கூட வரும் மூட்டை முடிச்சுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றையும் நீக்கினேன். அதன் பிறகுதான் உலாவிக்குப் போக வேண்டும். வரிசை முக்கியம். நிரல் உள்ளே இருக்கும்போது நீட்சியை மட்டும் நீக்கினால், அந்த நிரலே அதை மறுபடி கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். குரோமில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதியில், விலைத் தள்ளுபடி தேடித் தருவதாகச் சொல்லும் ஒன்று இருந்தது. அகற்றினேன். பிறகு 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அக்காவுக்கு அறிவிப்பு அனுப்ப உரிமை பெற்ற தளங்கள் பதினான்கு! 'நீங்கள் மனிதர்தான் என்று காட்ட அலவ் அழுத்துங்கள்' என்று கேட்கும் பக்கங்களில் கொடுத்த உரிமைகள் அவை. மூலையில் தோன்றிய அறிவிப்புகள் அங்கிருந்துதான் வந்தன. எல்லாவற்றையும் நீக்கி, 'அலவ்' கேட்கவே கூடாது என்றும் மாற்றிவைத்தேன்.

வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். புதன்கிழமை மறுபடி அழைப்பு. "தம்பி, அந்தத் தேடுற பக்கம் திரும்பி வந்திருச்சு."

இது எனக்குக் கொஞ்சம் மானப் பிரச்சினை. வாட்ஸ்அப் காணொளி வழியே பார்த்தோம். திரையில் இருந்த குரோம் படத்தின் மேல் வலச்சொடுக்கு, 'பிராப்பர்ட்டீஸ்', 'டார்கெட்'. குரோமின் பெயருக்குப் பிறகு ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. குறுக்குவழியிலேயே கைவைத்திருக்கிறார்கள், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அந்தப் படத்தைத் தட்டினால் அங்கேதான் போகும். அதை அழித்துவிட்டு ஸ்டார்ட் பட்டியலிலிருந்து புதிதாக எடுத்து வைத்ததும் தொல்லை தீர்ந்தது.

எஞ்சியிருப்பதைத் துடைக்க மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'ஆட்வ்கிளீனர்' என்ற இலவசக் கருவி போதும். அதைத் தேடி முதலில் வரும் இணைப்பைத் தட்டாதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரெப்யுடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன்' பகுதியில், வேண்டாத நிரல்களைத் தடுக்கும் வசதி உண்டு. அதையும் இயக்கிவையுங்கள். குரோமிலேயே ஒரு துப்புரவுக் கருவி இருப்பதாகப் பழைய குறிப்புகள் சொல்லும். 2023இல் அதை எடுத்துவிட்டார்கள்.

'விளம்பரம்தானே, வந்துவிட்டுப் போகட்டும்' என்பவர்களுக்கு 2015ஆம் ஆண்டுக் கதை ஒன்று. லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர நிரல் பெட்டியைத் திறக்கும்போதே இருந்தது. பூட்டுப் போட்ட பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரம் காட்டுவதற்காக, அது தன் சொந்தச் சான்றிதழைக் கணினிக்குள் பதித்துக்கொண்டது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. ஆய்வாளர்கள் அந்தச் சாவியை எளிதாகவே எடுத்துக் காட்டினார்கள். அது கையில் கிடைத்த எவரும், ஒரே கம்பியில்லா இணைப்பில் இருந்துகொண்டு, போலி வங்கிப் பக்கத்தை அசல் போலக் காட்டியிருக்க முடியும். பூட்டுப் படமும் அழகாகத் தெரியும். நோக்கம் விளம்பரம்தான், ஆனால் திறந்து கிடந்தது வீட்டு வாசல்.

அக்கா அன்று அந்த எண்ணை அழைத்திருந்தால்? தொழில்நுட்ப உதவியாளர் என்று ஒருவர் பேசுவார். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரலை இறக்கச் சொல்வார். பிறகு வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார். ஏற்கெனவே இதில் சிக்கியவர்கள் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையும் அழையுங்கள். வெட்கப்பட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றக் கூடாது, சுத்தமான வேறொரு கருவியில் மாற்றுங்கள். அக்காவுக்கும் அன்றிரவே கைப்பேசியில் மாற்றிக் கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் காரணமான அந்தப் பயிற்சித்தாளை அக்கா இன்னும் மாற்றியிருக்கவில்லை. அவருடைய கணினியில் இருந்த வேர்டிலேயே 'ஓப்பன்' கொடுத்து அந்தப் பிடிஎஃப் கோப்பைத் திறந்தேன். 2013 பதிப்பிலிருந்தே வேர்டுக்கு அந்த வேலை தெரியும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.