பிள்ளை நீச்சல் குழுவில் சேர்ந்தால் வீடே விழித்தெழ வேண்டும்!

2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த மலேசிய அழைப்பு வயதுப் பிரிவு நீச்சல் போட்டியில் நடிகர் மாதவனின் மகன் வேதாந்த் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார். இப்படியொரு செய்தியைப் படித்ததும், "நம் பிள்ளையையும் சேர்த்து விடலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழுவது இயல்புதான். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால், அந்தப் பதக்கங்களுக்குப் பின்னால் இருந்ததையும் தெரிந்து கொள்ள வேண்டும் அல்லவா?

கொரோனா காலத்தில் மும்பையின் பெரிய நீச்சல் குளங்கள் மூடிக் கிடந்தன. மகனின் பயிற்சிக்காகவே மாதவன் குடும்பம் 2021-இல் துபாய்க்குக் குடிபெயர்ந்தது. அதிகாலை நான்கு மணிக்கு எழுவது மகனுக்கு மட்டுமன்றி, பெற்றோருக்கும் சிரமம்தான் என்று மாதவனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நட்சத்திர வீட்டிலேயே இந்த நிலை என்றால், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் கிள்ளான் வீட்டில் எப்படி இருக்கும்!

நீச்சல் வகுப்பு வேறு; போட்டிக் குழு வேறு. குழுவில் நான்கு பாணி நீச்சலையும் பழக வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாகத் தொடங்கும் பயிற்சி, பிள்ளை முன்னேற முன்னேற ஐந்து ஆறு நாளாகிவிடும். மாதக் கட்டணத்தோடு போட்டிக் கட்டணம், கண்ணாடி, தொப்பி, பெட்ரோல் எல்லாம் சேரும். புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்ட தேசிய நீர் விளையாட்டு மையம் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அதிகத் தூரமில்லை. கிள்ளானிலிருந்து வருபவர்கள் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே, பெயர் பெற்ற குழுவைவிட வீட்டுக்கும் பள்ளிக்கும் அருகில் உள்ள குழுவே மேல்.

போட்டி நாள் பொறுமையைச் சோதிக்கும். ஒரு நிமிடம்கூட நீடிக்காத 50 மீட்டர் நீச்சலுக்காகக் காலை முழுவதும் காத்திருக்க நேரிடும். தவளை நீச்சலில் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாவிட்டால் அந்த நீச்சல் செல்லாது! அழுது கொண்டு வரும் பிள்ளையிடம் "ஏன் தொடவில்லை?" என்று கேட்பது பயிற்றுநரின் வேலை. துண்டும் சூடான மைலோவும் கொடுப்பதுதான் பெற்றோரின் வேலை.

இன்னொன்று. "எத்தனையாவதாக வந்தாய்?" என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். பதினொரு வயதில் சீக்கிரம் வளர்ந்த பிள்ளை முன்னே போகும். மெதுவாக வளரும் பிள்ளை பதினைந்து வயதில் அதையே முந்தக்கூடும். போன போட்டியைவிட இப்போது எத்தனை விநாடி குறைந்தது? அதுதான் கணக்கு.

பெண் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்துவதற்கு நம்மவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "வெயிலில் கறுத்துப் போகிறாள்." இதைவிட வருத்தமான காரணம் வேறில்லை. வெயில் தோலைக் கெடுக்காமலிருக்க சன்ஸ்கிரீன் இருக்கிறது. நீச்சலுக்கு முன் தலையை நல்ல நீரில் நனைத்துக் கொண்டால் முடி குளோரினை அவ்வளவாக உறிஞ்சாது. மாதவிலக்கு நாள்களைப் பற்றி அம்மா பயிற்றுநரிடம் வெளிப்படையாகப் பேசிவிடலாம்.

சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை குளத்தருகே போய் உட்காருங்கள். கடைசியாக வரும் பிள்ளையிடம் பயிற்றுநர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள், உயிர்காப்பாளர் இருக்கிறாரா, எஸ்.பி.எம். ஆண்டில் பயிற்சியைக் குறைத்துக் கொள்ள முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.